தொண்ணூற்றொரு சதவீதம்

டாக்டர் மெஹருன்னிசாவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கலாம் என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் தன் காலிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்க வார்டைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இந்த டாக்டரிடம் படிக்க வருகிறவர்கள் நாலு தடவை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

டாக்டர் பூதலிங்கம் யோசிக்கிற ரகமில்லை. இருபது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் விபத்தில் முறிந்த எலும்புகளை ஒட்டவைத்தவர். நாற்பத்தொன்பது வயதில், மூட்டு மாற்று அறுவையைப் புதிதாகக் கற்கிறேன் என்று தாமிரபரணிக் கரையிலிருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்கு மூன்று வயது கூட. அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார். யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புதிதாக வரும் நர்சுகள் குழம்புவார்கள்.

பூதலிங்கத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் அவர் கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டு ஒரு கணிப்பு மாடல் செய்து வைத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் முழங்கால் மாற்றிக்கொண்ட பழைய நோயாளிகளின் வயது, எடை, சர்க்கரை, எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானம், ஒரு வருஷம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தபோது எப்படி நடந்தார்கள் என்பது வரை எல்லாவற்றையும் அதற்கு ஊட்டியிருந்தார். புதிதாக ஒருவர் வந்தால், ஆபரேஷன் செய்தால் அவர் வலியில்லாமல், தடியில்லாமல் நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். எண்பதைத் தாண்டினால் திரையில் பச்சை எரியும். பச்சை எரிகிறபோதெல்லாம் பூதலிங்கத்தின் முகத்திலும் எரியும்.

இசக்கியம்மாளுக்கு வந்தது தொண்ணூற்றொன்று.

இசக்கியம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையல்காரி. பெரிய அண்டாவில் சோறு கிண்டிக் கிண்டி இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோயிருந்தன. வலது கால் ரொம்ப மோசம். அடுப்படிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் கிண்டுகிறேன் என்று சொன்னாள்.

"வலி இருக்கு சார். ஆனா நிக்கவாவது செய்யுதேன். நீங்க கீறிப் பாத்து சரியா வரலேன்னா அதுவும் போயிரும்லா?"

"தொண்ணூத்தொரு சதவீதம் சரியா வரும்மா. நூறு பேர்ல தொண்ணூத்தொரு பேரு."

கூட வந்திருந்த மகன் மாரியப்பன் செல்போன் கடை வைத்திருப்பவன். எண் என்றால் அவனுக்கு உயிர்.

"எம்மா, தொண்ணூத்தொண்ணும்மா! நான் பத்தாப்புல எடுத்த மார்க்க மாரி ரெண்டு மடங்கு."

இசக்கியம்மாள் சிரித்தாள். மகன் சொன்னதற்காகவா, டாக்டர் சொன்னதற்காகவா, தலையை ஆட்டிவிட்டாள். ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று.

அன்று சாயங்காலம்தான் பூதலிங்கம் ராஜகனியைப் பார்த்தார்.

ராஜகனி போன வருஷம் முழங்கால் மாற்றிக்கொண்டவர். ஆபரேஷனில் மேடத்தோடு பூதலிங்கமும் நின்றார். மாடல் அவருக்கும் பச்சைதான் காட்டியிருந்தது. ரிவ்யூவுக்கு வந்தபோது ராஜகனி அறைக்குள் மூன்றடி நடந்து காட்டி, "நல்லா இருக்கேன் சார்" என்றார். நன்றாக நடக்கிறார், தடி தேவையில்லை என்று பூதலிங்கமே தட்டெழுதினார். இப்போது சந்தை பஸ் ஸ்டாப்பில் அதே ராஜகனியை ஒரு பக்கம் கணவரும் மறுபக்கம் கண்டக்டரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலியில் அவர் பல்லைக் கடித்திருந்தது எதிர்ச்சாரியில் நின்ற பூதலிங்கத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் சாலையைக் கடப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தார். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ராத்திரியெல்லாம் புரண்டார்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் மேடம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"மாடல் ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு சொல்லுது. எதைக் கேக்கறது?"

"மனசு என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் விவரமாச் சொல்லல. சும்மா இருக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்." ராஜகனியைப் பார்த்த கதையைச் சொன்னார்.

"அவங்களுக்கு மாடல் நூறா சொல்லுச்சு?"

"இல்ல. எண்பத்தெட்டு."

"அப்ப மிச்சம் பன்னெண்டுல அவங்க ஒருத்தரா இருக்கலாமே."

"இருக்கலாம் மேடம். அப்படின்னா எனக்குக் கவலையே இல்ல. ஆனா ரிவ்யூல நல்லா நடந்தாங்க. நான் பாத்தேன், நான்தான் எழுதினேன். மாடல் கணக்குல அவங்க நல்லா ஆனவங்க. அந்த அம்மாவையும் சேத்துதான் இசக்கியம்மாவுக்குத் தொண்ணூத்தொண்ணு சொல்லியிருக்கு."

மேடம் தேநீரை முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"புதன்கிழமை ரிவ்யூ ஓ.பி. இருக்குல்ல? நீங்க உள்ள வர வேண்டாம்."

"வெளிய என்ன பண்ணணும்?"

"செருப்பு விடற இடத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காருங்க, போதும்."

பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது. அரசு ஆஸ்பத்திரியில் இவர் வருகிறார் என்றாலே வராண்டா காலியாகும். இங்கே செருப்புக்குக் காவலா? ஆனாலும் கேட்டது அவர்தானே. போய் உட்கார்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் மேடத்தின் அறைக்கு முன்னால் சுவரோரமாக எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. யாரோ ஒருவர் தொடங்கினார், அப்புறம் எல்லோரும் செய்கிறார்கள். மேடமும் அங்கேதான் கழற்றுவார்.

பூதலிங்கம் மடியில் லேப்டாப்பை விரித்துக்கொண்டார். நேரம் வீணாகக் கூடாது என்று மாடலின் உள்விவகாரங்களைக் குடைந்தார். மத்தியானம் வரை தலை நிமிரவில்லை. இடையிடையே யாரோ அவர் காலை மிதித்தார்கள், அவ்வளவுதான்.

"என்ன பாத்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"கூட்டம் ஜாஸ்தி மேடம். டோக்கனைக் கம்ப்யூட்டர்ல குடுத்தா நெரிசல் குறையும். நான் வேணா ஒரு புரோகிராம் எழுதறேன்."

மேடம் அவர் கையிலிருந்த லேப்டாப்பை மூடினார்.

"அடுத்த புதனும் அங்கேயே உக்காருங்க. லேப்டாப் வேண்டாம், கோட் வேண்டாம். போனை என்கிட்ட குடுத்துடுங்க."

அடுத்த புதன் பூதலிங்கத்துக்கு நரகமாக இருந்தது. கையில் ஒன்றுமில்லை. முழங்கால் தானாக ஆடியது. சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தார். எழுந்தார், உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு பெரியவர் தடியை ஊன்றி ஊன்றி வராண்டாவில் வந்தார். பெஞ்சைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். பெரியவர் எழுந்து செருப்பைக் கழற்றினார். பக்கத்திலேயே தடியைச் சுவரில் சாத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவு நிலையை ஒரு தட்டுத் தட்டிப் பிடித்து, நிமிர்ந்த நடையாக உள்ளே போனார்.

உள்ளே மேடத்தின் குரல். "எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல ரொம்ப நல்லா இருக்கேன் டாக்டரம்மா!"

வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். தடியை எடுத்தார்.

பூதலிங்கத்தின் முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது. சுவரைப் பார்த்தார். செருப்பு வரிசைக்கு மேலே நாலைந்து தடிகள் சாய்ந்திருந்தன. ஒன்றின் கைப்பிடியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. போன புதனும் இவை இங்கேதான் இருந்திருக்கும்.

"ஐயா, தடியை எதுக்கு வெளிய வெச்சிட்டுப் போனீங்க?"

பெரியவர் அவரை யாரோ நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்க யாருக்குக் கூட வந்திருக்கீங்க? புதுசா? தடியோட எப்படி உள்ள போறது? அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச டாக்டரம்மா. அவுக முன்னால இதை ஊனிக்கிட்டுப் போய் நின்னா மனசு என்ன பாடுபடும்?"

"வலிக்குதுன்னு சொன்னாத்தானே வைத்தியம் பாப்பாங்க?"

"அதெல்லாம் சொல்லப்படாது. செஞ்ச கையைக் குறை சொல்லுத மாரி ஆயிரும்." பெரியவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மவன் வேற வந்து வெளிய ஆட்டோவுல இருக்கான். அவன் மொவம் வாடிரும்லா."

அவர் போய்விட்டார். அடுத்து ஒரு அம்மா வந்து தடியைச் சாத்தினார். அதற்கடுத்தவருக்குத் தடி இல்லை, உண்மையாகவே நன்றாக நடந்தார். அதைப் பார்த்ததும் பூதலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கூட்டம் குறைகிற நேரத்தில் ராஜகனி வந்தார்.

தூரத்திலேயே பூதலிங்கத்தைக் கண்டுகொண்டார். கையிலிருந்த தடியைச் சட்டென்று கணவரிடம் தள்ளினார். கணவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். இரண்டு பேரும் திருட்டு முழி முழித்தார்கள்.

"சார், நீங்க எதுக்கு செருப்புகிட்ட உக்காந்திருக்கீங்க?"

"அம்மா, தடியோடயே உள்ள போங்க."

"எந்தத் தடி சார்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உங்களைச் சந்தைக்கிட்ட பஸ் ஏறும்போது பாத்தேன்மா."

ராஜகனியின் முகம் சுருங்கிப்போனது. தப்புச் செய்தது தான்தான் என்பதுபோல அந்த அம்மா கூனிக் குறுகினார். "அன்னைக்கி ஒரு நாள்தான் சார். மழை பெஞ்சிருந்துச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல" என்று பூதலிங்கத்தை ஆறுதல்படுத்தினார். பிறகு, தடியில்லாமலே உள்ளே போனார்.

ஓ.பி. முடிந்ததும் பூதலிங்கம் அறைக்குள் பாய்ந்தார்.

"மாடலை அழிச்சிடறேன் மேடம். எல்லாம் பொய்."

"மாடல் பொய் சொல்லுச்சா?"

"அது எங்க சொல்லுச்சு? நான் ஊட்டினதைத் தின்னுச்சு."

"அதை எங்க உக்கார வெச்சு வளத்தீங்க?"

பூதலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசை, நாற்காலி, நடந்து காட்டுவதற்கு மூன்றடி இடம்.

"இங்கதான்" என்றார். பிறகு கோபம் திரும்பி வந்தது. "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா மேடம்?"

"நானும் அங்கதானே செருப்பு விடறேன்."

"அப்ப நான் மாடல் செய்யும்போது சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஃபைல் கேட்டீங்க. குடுத்தேன்."

"மேடம், விளையாடாதீங்க. தெரிஞ்சும் ஏன் விட்டீங்க? ஒரு தடவையாவது வெளிய போய் அந்தத் தடியை எடுத்து அவங்க கையில குடுத்திருக்கலாமே?"

இப்படி ஒரு சீடர் குருவிடம் பேசலாமா என்பது வேறு விஷயம். பூதலிங்கம் பேசிவிட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நல்லா இருக்கேன்னு அவங்க சொல்லும்போது கேக்க நல்லா இருந்துச்சு சார்" என்றார்.

பூதலிங்கத்தின் கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. மேடத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இசக்கியம்மாளின் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். மாரியப்பன் போன் செய்து குதித்தான். புரட்டாசி முடியட்டும் என்று பூதலிங்கம் ஏதோ சமாளித்தார். மாடலைத் திருத்தாமல் அந்த அம்மா மேல் கத்தி வைக்க அவரால் முடியாது. திருத்த வேண்டுமென்றால் யார் உண்மையில் நடக்கிறார்கள், யார் நடக்கவில்லை என்பது தெரிய வேண்டும்.

சுறுசுறுப்பான ஆள் அல்லவா, அவர் செய்த முதல் காரியம் ஒரு போர்டு எழுதி ஆஸ்பத்திரி கேட்டில் மாட்டியது. ‘கைத்தடியுடன் உள்ளே வரலாம்.’ பெரிய எழுத்து, சிவப்பு மை.

அந்தப் புதன் சுவரோரத்தில் ஒரு தடிகூட இல்லை. பூதலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் தடியோடு உள்ளே போயிருப்பார்கள் என்று ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். உள்ளேயும் தடி இல்லை. போர்டைப் படித்தவர்கள், டாக்டர் கண்ணில் தடி பட்டுவிட்டது போலிருக்கிறது என்று கலங்கிப்போய், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே இருந்த ஜூஸ் கடையில் தடிகளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஜூஸ் கடைக்காரர் அவற்றைக் கரும்போடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார்.

"போர்டைக் கழட்டிடுங்க சார்" என்றார் மேடம். "பாவம், அவ்வளவு தூரம் தடியில்லாம நடந்து வர்றாங்க."

கழற்றினார். அதன்பிறகு புதன்கிழமைகளில் கேட்டருகே போய் நின்றார். கோட் இல்லாமல், போன் இல்லாமல். வருகிறவர்கள் ஆட்டோவிலிருந்து எப்படி இறங்குகிறார்கள் என்று பார்த்தார். கூடவே நடந்தார். கால் எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டார். மாடியில் குடியா, கீழேயா என்று கேட்டார். கடைக்குப் போய் வருவது யார் என்று கேட்டார். பேச்சுவாக்கில் ஒவ்வொன்றாக வந்தது. சில பேர் வீட்டுக்கே போனார். ஒரு வீட்டில் அவரைக் கண்டதும் அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்து காப்பி போட நடந்தார். தடுக்கத் தடுக்க நடந்தார். அந்தக் காப்பியைக் குடிப்பதற்குள் பூதலிங்கம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும் மாடலுக்குத் திரும்ப ஊட்டினார். இசக்கியம்மாளின் விவரத்தைப் போட்டார். பச்சை எரியவில்லை. மஞ்சள் எரிந்தது.

அறுபத்திரண்டு.

பலமுறை சரிபார்த்தார். அறுபத்திரண்டுதான். மேடத்திடம் ஓடினார்.

"இப்ப என்ன சொல்றது மேடம்? செய்ன்னும் இந்த நம்பர் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல."

"யாரோட முழங்கால்?"

"இசக்கியம்மாவோடது."

"அவங்களை வரச் சொல்லுங்க."

வந்தார்கள். இசக்கியம்மாள் முன்னைவிட இளைத்திருந்தாள். மாரியப்பன் கைதாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான். ஜன்னல் பக்கம் மேடம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் எதிரில் உட்கார்ந்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, அன்னைக்கி உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னேன்ல. அது தப்பு."

"என்ன சார் சொல்லுதீங்க?" என்றான் மாரியப்பன்.

"நூறு பேர்ல அறுபத்திரண்டு பேருக்குத்தான் நல்லா வருது. மத்தவங்களுக்கு வலி கொஞ்சம் குறையலாம். குறையாமலும் போகலாம். சில பேருக்கு முன்னாடி இருந்ததைவிடச் சிரமமாயிருக்கு. நான் சரியாப் பாக்காம அன்னைக்கி சொல்லிட்டேன்."

"ஏ, என்ன சார் இது? செல்போன் சிக்னலா, ஏறி ஏறி இறங்க? ரெண்டு மாசம் இழுத்தடிச்சிட்டு இப்ப வந்து அறுபதுங்கீங்க. எம்மா எந்திரி, நாம மதுரைக்குப் போவோம்."

"சும்மா இருலே."

இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. விரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் இருந்தாள்.

"சார், மிச்சப் பேரு?"

"என்னம்மா?"

"அறுபத்திரண்டு பேரு நடக்காவ. சரி. மிச்சம் பேருக்கு என்ன செஞ்சீங்க?"

இந்தக் கேள்வியைப் பூதலிங்கம் எதிர்பார்க்கவில்லை. மாடலிடமும் இதற்கு எண் இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. செய்வதற்கு அப்படி ஒரு கூட்டம் இருப்பதே இரண்டு மாதம் முன்பு வரை யாருடைய கணக்கிலும் இல்லை.

"அவங்க நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றார். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"அப்படித்தான் சொல்லுவாவ. வேற எப்படிச் சொல்ல?"

"இப்ப ஒவ்வொருத்தரா வரச் சொல்லியிருக்கேன். பயிற்சி குடுத்தா சிலருக்குக் குணமாகும். ராஜகனின்னு ஒரு அம்மாவுக்கு மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்கும் போல. இன்னும் சம்மதிக்கல. தனக்கு ஒண்ணுமே இல்லேன்னு சாதிக்கறாங்க."

இசக்கியம்மாள் தலையசைத்தாள். அந்த ராஜகனியைப் பார்க்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

"இப்படியே விட்டா இந்தக் கால் எத்தன நாளைக்கி?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அப்புறம் அண்டா கிட்ட நிக்க முடியாதும்மா. அதை நிச்சயமாச் சொல்லுவேன்."

"அப்ப செஞ்சிருவோம்."

"எம்மா!" என்றான் மாரியப்பன்.

"செஞ்சிருவோம்லே. அன்னைக்கி இவுக தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னப்ப மிச்சப் பேரை நெனச்சு எனக்குப் பயமாவே இருந்துச்சு. இப்ப இல்ல." பூதலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "எங்க கையெழுத்துப் போடணும்?"

பூதலிங்கம் காகிதத்தை எடுத்து அவள் முன் வைத்தார். என்ன செய்யப் போகிறார்கள், என்னென்ன கோளாறு வரலாம் என்று நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு முழுச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார். சம்மதம் என்றாள். பேனாவை வாங்கினாள், ஆனால் கையெழுத்துப் போடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்? கோவப்படக் கூடாது."

"கேளுங்கம்மா."

"நூத்துக்கு அறுபத்திரண்டுலதான் நான் இருக்கணும்னு எங்க அம்மனுக்கு நேந்துக்கிடுதேன். ஒருவேளை மிச்சத்துல விழுந்துட்டேன்னு வையுங்க." இசக்கியம்மாள் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள். "அப்ப நான் தடியை ஊனிக்கிட்டு இந்த ரூமுக்குள்ள வரலாமா? வந்து, வலிக்குது சார்னு சொல்லலாமா? உங்க மொவம் வாடாம இருக்குமா?"

வாங்கம்மா, தாராளமா வாங்க என்று பூதலிங்கத்தின் வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. அவர் அதைச் சொல்லவில்லை. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதே அவரை உறுத்தியது. ராஜகனியின் முகம் சுருங்கியபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தார். நாளைக்கு இந்த அம்மா அந்தக் கதவருகே தடியோடு நின்றால், தான் செய்த முழங்காலை, தான் சொன்ன எண்ணைத் தாண்டி அவளை ஏறெடுத்துப் பார்க்கத் தன்னால் முடியுமா? அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மேடம்" என்றார். "இதுக்கு நான் என்ன சொல்ல?"

டாக்டர் மெஹருன்னிசா எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார்.

"நீங்க அவங்ககிட்ட சம்மதம் கேட்டீங்க, குடுத்தாங்க. இப்ப அவங்க உங்ககிட்ட உங்க சம்மதத்தைக் கேக்கறாங்க சார். அதைக் குடுத்தப்புறம் கத்தியை எடுப்போம்."